25 கார் எங்கே?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1998ஆம் ஆண்டு. பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை. டொயோட்டா நிறுவனம் ஜிடி-ஒன் என்ற காரைக் கொண்டுவந்திருக்கிறது. அது நுழைந்த பிரிவின் விதி, பந்தயக் கார் ஒரு சாலைக் காரின் வழி வந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. சாலைக் கார் என்றால் அதை வைத்திருப்பவர் ஊருக்குப் போவார், பெட்டி எடுத்துப்போவார். ஆகவே குறிப்பிட்ட அளவுள்ள ஒரு சூட்கேஸ் காருக்குள் அடங்க வேண்டும். ஜிடி-ஒன்னில் சூட்கேஸ் இருக்கட்டும், ஒரு சோற்றுப் பொட்டலம் வைக்கக்கூட இடம் கிடையாது. டொயோட்டாக்காரர்கள் பெட்ரோல் டாங்கைக் காட்டினார்கள். இப்போது டாங்க் காலியாகத்தான் இருக்கிறது, இந்தக் கொள்ளளவுக்குள் உங்கள் சூட்கேஸ் அடங்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

கார்களைப் பற்றி ஏன் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். கோடீசுவரர்கள் துணி போர்த்தி வைத்திருக்கும் கார்களைப் பற்றி வியந்து பேச நான் வரவில்லை. பந்தய வெற்றிக்காகப் பிறந்து, பின்னால் பதிவு எண் வாங்கிச் சாலைக்கு வந்த சில அபூர்வமான கார்கள் இருக்கின்றன. அவற்றை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் பெரிய பொறியாளர்களின் பெயர்களைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அவற்றை வடிவமைத்தது விதிப்புத்தகம். ஒரு வாக்கியத்தைத் திருப்திப்படுத்துவதற்காக இரும்பும் கார்பன் இழையும் தோலும் கொண்டு செய்யப்பட்ட பதில்கள் அவை. இந்த அரங்கில் இயந்திரப் பொறியியல் மாணவர்களோடு சட்ட மாணவர்களும் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். உங்கள் இரு தரப்புக்கும் பொதுவான விஷயம் இது.

விதியின் நோக்கம் எளிமையானது. பந்தயத்தில் ஓடும் கார், கடையில் வாங்கக்கூடிய காரைப் போல இருந்தால்தான் பார்க்கிறவனுக்கு அதில் பிடிப்பு இருக்கும். சிறிய அணிகளும் போட்டியிட முடியும். செலவும் கட்டுக்குள் நிற்கும். அதனால் இத்தனை கார்களையாவது செய்து விற்றிருக்க வேண்டும், அப்போதுதான் பந்தயத்தில் இறங்கலாம் என்று ஓர் எண்ணிக்கை வைத்தார்கள். இந்த அங்கீகார முறைக்குத்தான் ஹோமோலகேஷன் என்று பெயர். சட்டம் நினைத்த வரிசையில் முதலில் சாலைக் கார், பிறகு பந்தயக் கார். தொழிற்சாலைகள் அதைத் தலைகீழாகப் படித்தன. முதலில் பந்தயத்தை வெல்லும் காரைச் செய்வோம்; பிறகு, சாலைக் கார் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்கு எவ்வளவு குறைவாகச் செய்தால் போதும் என்று பார்ப்போம்.

இத்தாலியில் என்ஸோ ஃபெராரி இந்தக் கலையில் முன்னோடி. 1962இல் வந்த 250 ஜிடிஓ காருக்கு விதிப்படி 100 வேண்டும். மொத்தம் 40 கூடச் செய்யவில்லை. ஏற்கெனவே இருக்கும் 250 ஜிடி காரின் இன்னொரு உடல்தானே இது என்று வாதாடி அங்கீகாரம் வாங்கிவிட்டார். இன்று உலகத்தின் மிக விலையுயர்ந்த பழைய கார்களில் அது ஒன்று. அந்த விலைக்கு அழகு பாதிக் காரணம் என்றால், செய்யாமல் விட்ட அறுபது சொச்சம் கார்கள் மீதிக் காரணம். 1964இல் 250 எல்எம் என்ற காருக்கும் அதே வித்தையைச் செய்யப் பார்த்தார். அதில் என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டது. இதுவும் பழைய காரின் வகைதான் என்று எந்த அதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. மறுத்துவிட்டார்கள். தன் பக்கம் நிற்காத இத்தாலிய ஆட்டோமொபைல் கழகத்தின் மேல் ஃபெராரிக்குக் கோபம். இத்தாலியின் சிவப்பு வேண்டாம் என்று அந்த ஆண்டின் கடைசி இரண்டு ஃபார்முலா 1 பந்தயங்களில், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும், தன் கார்களை நீலமும் வெள்ளையுமாக ஓட விட்டார். ஜான் சர்ட்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நிறத்தில்தான். அங்கீகாரம் கிடைக்காத 250 எல்எம், மறு ஆண்டு லெ மானில், இத்தனை கார் விற்றிருக்க வேண்டும் என்று கேட்காத மூல மாதிரி (புரோட்டோடைப்) வகையிலேயே நுழைந்து, யோகென் ரிண்ட், மாஸ்டன் கிரகரி கைகளில் முதலிடத்துக்கு வந்தது.

எண்ணிக்கை நாடகத்தின் உச்சக் காட்சி ஜெர்மனியில் நடந்தது.

1968இல் மூல மாதிரிக் கார்களின் என்ஜின் அளவை 3 லிட்டராகக் குறைத்தார்கள். அதற்கு மேல் 5 லிட்டர் வரை வேண்டுமென்றால் 50 கார்கள் செய்திருக்க வேண்டும். ஃபோர்டு ஜிடி40, லோலா டி70 போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்கள் தொடர்ந்து ஓடட்டும் என்பதற்கான சலுகை அது. பிறகு அந்த 50ஐ 25 ஆக்கினார்கள். ஐந்து லிட்டரில் புதிதாக 25 பந்தயக் கார் செய்யும் பைத்தியக்காரன் யார் இருக்கப்போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். போர்ஷே நிறுவனத்தில் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஃபெர்டினாண்ட் பியெக்.

917 என்ற காரைத் தொடங்கினார்கள். ஹான்ஸ் மெட்ஸ்கரின் 12 சிலிண்டர் என்ஜின், நாலரை லிட்டர், காற்றால் குளிர்வது. 1969 மார்ச்சில் அதிகாரிகள் பார்க்க வந்தபோது முழுமையாக முடிந்தவை மூன்றே மூன்று. மற்றவை பாதி நிலையில், பாகங்களாக. இவற்றை இப்போது பூட்டினால் பந்தயத்துக்காக மறுபடி பிரிக்க வேண்டும், எதற்கு வீண் வேலை என்று போர்ஷே சொல்லிப் பார்த்தது. 25 கார் எங்கே என்பதுதான் அதிகாரிகளின் ஒரே கேள்வி. ஏப்ரல் 21ஆம் தேதி திரும்பி வந்தார்கள். ஸ்டுட்கார்ட்டின் ஸுஃபன்ஹவுஸன் தொழிற்சாலை முற்றத்தில் 25 வெள்ளைக் கார்கள் ஒரே வரிசையில் நின்றன. எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்றார் பியெக். யாரும் ஏறவில்லை. அலுவலக எழுத்தர்களும் செயலாளர்களும்கூட ஸ்பேனர் பிடித்துத்தான் அவற்றைப் பூட்டி முடித்தார்கள் என்றும், சில கார்கள் முற்றத்தைத் தாண்டி ஓடும் நிலையிலேயே இல்லை என்றும் அந்தத் தொழிற்சாலையில் கதை உண்டு. நம் ஊரில் ஆய்வுக்குழு வருகிற நாளில் மட்டும் ஆசிரியர் வரிசை நிரம்பிவிடும் கல்லூரிகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

வேறுபாடு ஒன்று உண்டு. இந்தக் கார்கள் பிறகு உண்மையாகவே ஓடின. அங்கேதான் சிக்கல். விதி எண்ணிக்கையைக் கேட்டதே தவிர, கார் ஓட்டத் தகுந்ததா என்று கேட்கவில்லை. முதல் ஆண்டின் 917 நேர்க்கோட்டில்கூட நிலையாக ஓடாது. நிறுவனத்தின் சொந்த ஓட்டுநர்களே ஏறத் தயங்கினார்கள். 25 செய்தால் விற்றும் ஆக வேண்டும். விலை 1,40,000 மார்க், ஏறக்குறைய பத்து 911 கார்களின் விலை. வாங்கியவர்களில் ஜான் உல்ஃப் என்ற பிரிட்டிஷ் தனியார் பந்தயக்காரரும் ஒருவர். 1969 ஜூன் மாதம் லெ மானில், பந்தயத்தின் முதல் சுற்றிலேயே விபத்தில் இறந்துபோனார். சூட்கேஸ் கதைக்குச் சிரித்த நாம் இதையும் அதே விதிமுறையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்தக் காரைத் திருத்தியது பூச்சிகள். 1969 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸெல்ட்வெக் தடத்தில் சோதனை நடந்தபோது, 917ஐப் பந்தயத்தில் ஓட்டவிருந்த ஜான் வையர் அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் காரைச் சுற்றி வந்து பார்த்தார். உடல் முழுக்கச் சிறு பூச்சிகள் மோதி அப்பியிருந்தன. வால் பகுதியின் காற்றுத் தடுப்பில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அதாவது காற்று அங்கே படவே இல்லை. அலுமினியத் தகட்டை வெட்டி வாலை உயர்த்தி ஒட்டிப் பார்த்தார்கள். கார் சாதுவாகிவிட்டது. 1970இலும் 1971இலும் லெ மான் வெற்றி 917க்கு. அங்கீகாரச் சான்றிதழ் வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் அந்தக் கார் கார் ஆனது என்று சொல்லலாம்.

ஒரு கிளைக்கதை. மார்ட்டினி மதுபான நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த கிரகோரியோ ரோஸி பிரபு, தனக்கு ஒரு 917ஐச் சாலையில் ஓட்டும்படி செய்து தரச் சொன்னார். 30ஆம் எண் அடிச்சட்டகம் (சாஸி) கொண்ட பழைய பந்தயக் கார் அவருக்காக எடுக்கப்பட்டது. வெள்ளி நிறம் பூசி, எர்மேஸ் நிறுவனத்தின் தோலால் உள்ளே இருக்கை தைத்து, ஒலியடக்கியும் கண்ணாடியும் இண்டிகேட்டரும் பொருத்தினார்கள். பதிவு எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து. அந்த மாநிலத்தின் சாலைகளில் மட்டும் ஓட்டக் கூடாது என்பது நிபந்தனையாம். 1975இல் பிரபு அதை ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிசுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனார். இந்தக் காரை எந்தப் பந்தய விதியும் கேட்கவில்லை. ஒரு மனிதனின் ஆசை கேட்டது. அதனால்தான் இதைக் கிளைக்கதை என்றேன்.

ராலி பந்தயத்தின் குரூப் பி காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்; அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. அங்கே எண் 200. பெஷோ 205 டர்போ 16, தெருவில் ஓடும் சின்ன 205 காரின் முகத்தோடு வந்தது. உள்ளே என்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. ஔடி தன் குவாட்ரோவின் நீளத்தை வெட்டிச் சுருக்கியது. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் பார்வையாளர்கள் மேல் கார் பாய்ந்தது. மே 2ஆம் தேதி கார்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் அவர் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்து இறந்தார்கள். ஆண்டு முடிவோடு குரூப் பி ஒழிக்கப்பட்டது.

அதன் இடத்தில் வந்த குரூப் ஏ 5,000 கார்களைக் கேட்டது. சட்ட மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 25 காரை முற்றத்தில் நிறுத்திக் காட்டிவிடலாம். 200 காரைப் பணக்காரச் சேகரிப்பாளர்களிடம் தள்ளிவிடலாம். 5,000 காரை அப்படிச் செய்ய முடியாது. வாங்க ஆள் வேண்டும், குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், பழுது பார்க்க ஊர் ஊராக ஒர்க்‌ஷாப் வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3, லான்சியா டெல்டா இன்டக்ராலே, ஃபோர்டு சியரா காஸ்வர்த் எல்லாம் அந்த எண் பெற்றுத் தந்தவை. நல்ல கார்கள், பயன்படும் கார்கள். ஆனால் இன்றைய தலைப்பின் கார்கள் அல்ல. விதி தன் நோக்கத்தில் வெற்றி பெறும்போது அதிசயம் எதுவும் பிறப்பதில்லை. அது தோற்கும் இடத்தில்தான் விசித்திரமான கார்கள் முளைக்கின்றன.

தோல்வியின் அழகான உதாரணம் 1994.

போர்ஷே 956, 1982இல் அறிமுகமானது. அந்த ஆண்டு லெ மானில் முதல் மூன்று இடமும் அதற்கே. காரின் அடிப்பகுதியில் காற்றுக் குகைகள் அமைத்துத் தரையோடு உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வடிவம். அமெரிக்கப் பந்தய அமைப்பு, ஓட்டுநரின் கால்கள் முன் அச்சுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று பாதுகாப்புக்காகக் கேட்டதால், அச்சு இடைவெளியை 12 சென்டிமீட்டர் நீட்டி 1984இல் 962 வந்தது. 1986, 1987 லெ மான் வெற்றிகளும் உலகப் பட்டங்களும் வாங்கி, தனியார் அணிகளுக்கு ஏராளமாக விற்று, 1990களின் தொடக்கத்தில் ஓய்வுக்கு வந்துவிட்ட கார். அதுவரை மூல மாதிரிகளுக்கென்று இருந்த குரூப் சி வகையும் செத்துக்கொண்டிருந்தது. ஓடுவதற்குக் கார் போதாமல், லெ மான் அமைப்பாளர்கள் ஜிடி கார்களை, அதாவது சாலைக் கார் வழி வந்தவற்றை, அழைத்தார்கள். வரவேற்புச் சலுகையாக, மூல மாதிரிகளுக்கு 80 லிட்டர் டாங்க் என்றால் ஜிடிக்கு 120 லிட்டர். என்ஜினுக்குக் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும். பதிலுக்கு அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும், டயர் அகலம் குறைவு. எத்தனை சாலைக் கார் விற்றிருக்க வேண்டும் என்பதில் மட்டும் விதி கறாராக இல்லை. பதிவு பெற்ற ஒரு கார் கண்முன் நின்றால் போதும்.

யோகென் டாவர் என்ற ஜெர்மானியப் பந்தயக்காரர் ஒருவர் இருந்தார். சொந்த அணி நடத்தியவர். பழைய 962 கார்களை எடுத்து, தோல் இருக்கை போட்டு, சாலை விதிக்கேற்ப உயரத்தை ஹைட்ராலிக் முறையில் ஏற்றி இறக்கும் வசதி வைத்து, பணக்காரர்களுக்கு விற்கலாம் என்று 1993 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தார். 730 குதிரைத்திறன், மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் வேகம். விதிப்புத்தகத்தைப் படிப்பதில் பெயர் பெற்ற போர்ஷே பொறியாளர் நோர்பர்ட் ஸிங்கருக்கு ஒன்று புலப்பட்டது. டாவர் விற்பது சாலைக் கார். சாலைக் காரின் பந்தய வடிவம் ஜிடி. அப்படியானால் 962இலிருந்து பிறந்த சாலைக் காரிலிருந்து பிறக்கும் பந்தயக் கார்? அது 962தான், ஆனால் சட்டப்படி ஜிடி.

இரண்டு கார்கள் இறங்கின. மூல மாதிரிகளில் டொயோட்டா 94சி-வி வேகமானது. பெரிய டாங்க் கொண்ட போர்ஷேக்கள் குறைவான தடவை பெட்ரோல் போட நின்றன. கடைசி ஒன்றரை மணி நேரத்தில் டொயோட்டாதான் முன்னணியில் இருந்தது. கியர் இணைப்பு உடைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த ஜெஃப் கிராஸ்னாஃப் தடத்தின் ஓரத்தில் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்க் கையால் ஒரு கியரைப் போட்டு, அதே கியரில் மெதுவாகச் சுற்றி வந்து சேர்ந்தார். அந்தக் காரின் மேல் ரோலண்ட் ராட்ஸன்பெர்கரின் பெயரும் எழுதியிருந்தது. அவர் ஓட்டியிருக்க வேண்டிய கார் அது. ஏப்ரல் 30 அன்று இமோலாவில் ஃபார்முலா 1 தகுதிச் சுற்றில் இறந்துவிட்டார். டாவர் 962இல் யானிக் டால்மா, ஹர்லி ஹேவுட், மவ்ரோ பால்டி மூவரும் 344 சுற்றுகள் ஓட்டி வென்றார்கள். டொயோட்டா இரண்டாவது, இன்னொரு டாவர் மூன்றாவது. 1982இல் பிறந்த வடிவம், சாலைக் கார் வேடத்தில் வந்து, தன் கடைசி லெ மானை வென்று போனது. மறு ஆண்டே ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

இதை மோசடி என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எழுதியவர்கள் ஒரு சொல்லை வரையறுக்காமல் விட்டார்கள். படித்தவர் அந்த இடைவெளிக்குள் ஒரு காரை நிறுத்தினார்.

1995இல் லெ மானை வென்றது மெக்லாரன் எஃப்1. எல்லாவற்றுக்கும் நேர்மாறான கார் அது. கார்டன் மர்ரி அதைச் சாலைக்காக மட்டுமே வரைந்தார். நடுவில் ஓட்டுநர், இரு பக்கமும் பயணிகள், பெட்டி வைக்க உண்மையான இடம். பந்தயத்துக்குக் கொண்டுபோனது வாங்கியவர்களின் வற்புறுத்தல். சட்டம் கனவு கண்ட கார் அதுதான். அது வென்றதே வினையாகிப்போனது. மெக்லாரனைத் தோற்கடிக்க என்ன செய்யலாம் என்று போர்ஷேயும் மெர்சிடிஸும் உட்கார்ந்தன. மெக்லாரனைவிட நல்ல சாலைக் கார் செய்வது என்ற யோசனை இருவருக்கும் வரவில்லை.

போர்ஷேயின் பதில் 1996இன் 911 ஜிடி1. மறுபடியும் ஸிங்கர். முன்பாதி, கடையில் விற்கும் 911இன் எஃகுக் கூடு. பின்பாதி, 962 மரபில் வந்த குழாய்ச் சட்டகமும் இரட்டை டர்போ என்ஜினும். 911 என்ற காரின் அடையாளமே என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதுதான்; இதில் என்ஜின் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது. பெயரும் முகமும் 911, மற்றதெல்லாம் வேறு. இருபது சொச்சம் சாலைக் கார்கள் செய்தார்கள். 544 குதிரைத்திறன், 1,150 கிலோ எடை, மணிக்கு 310 கிலோமீட்டர். 1998இல் முழுதும் கார்பன் இழைக் கூட்டுக்கு மாறி லெ மானை வென்ற வடிவத்துக்குச் செய்யப்பட்ட சாலைக் கார் ஒன்றே ஒன்று.

மெர்சிடிஸ் இன்னும் துணிந்தது. 1997இல், உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் ஜிடி சாம்பியன்ஷிப் தொடங்கியது. விதி கேட்டது 25 சாலைக் கார்கள். மெர்சிடிஸின் ஏஎம்ஜி குழு ஒரு பந்தய மெக்லாரனை விலைக்கு வாங்கிப் பிரித்துப் படித்தது. முதல் கோட்டை வரைந்ததிலிருந்து 128 நாளில் சிஎல்கே ஜிடிஆர் தடத்தில் ஓடியது. பெயரில் இருக்கும் சிஎல்கே என்பது வங்கி மேலாளர்கள் ஓட்டிய இரண்டு கதவு மெர்சிடிஸ். அதிலிருந்து இதற்கு வந்தவை முன் கிரில், விளக்குகள், டாஷ்போர்டு மீட்டர்கள். முதல் பந்தயத்தில் 25 கார் எங்கே என்று போட்டியாளர்கள் கேட்டார்கள். 25 இல்லை. பிறகு செய்து தருகிறோம் என்றது மெர்சிடிஸ், அவகாசம் கொடுத்தது எஃப்ஐஏ. போர்ஷே முற்றத்தில் நின்று எண்ணிய அதிகாரிகளின் காலம் மலையேறிவிட்டது.

அந்த ஆண்டு பட்டம் பெர்ன்ட் ஷ்னைடருக்கு. 1998இல் பத்துச் சுற்றுகளிலும் மெர்சிடிஸே வென்றது; பட்டம் கிளாவ்ஸ் லுட்விக், ரிக்கார்டோ ஸோன்டா இருவருக்கும். பத்துக்குப் பத்து ஒருவனே வெல்லும் பந்தயத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? எதிர்த்து ஓட ஆளில்லாமல் ஜிடி1 பிரிவையே 1998 முடிவோடு மூடினார்கள். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சாலைக் கார்கள் வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 1998இன் கடைசியிலிருந்து 1999 கோடை வரை. எந்த விதிக்காக அவை செய்யப்பட்டனவோ அந்த விதி அப்போது உயிரோடில்லை. இருந்தும் மெர்சிடிஸ் வாக்கைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம்: 20 கூப்பே, பிறகு 6 திறந்த கூரைக் கார்கள். 6.9 லிட்டர் 12 சிலிண்டர் என்ஜின், 612 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் உலகின் மிக விலையுயர்ந்த உற்பத்திக் கார் என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது, 15 லட்சம் டாலருக்கு மேல். பெட்டி வைக்க இடமும் உண்டு. மேல்நோக்கித் திறக்கும் கதவுகளின் கீழே, அகலமான பக்கச் சுவருக்குள், இரண்டு சிறிய பொந்துகள்.

இந்தக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே புகாரைத்தான் எழுதுகிறார்கள். உள்ளே வெப்பம், காதைப் பிளக்கும் சத்தம், பின்னால் எதுவும் தெரியாது, வேகத்தடையில் அடி தட்டும், ஊர்ந்து போகும் நெரிசலில் கிளச்சு தாங்காது. சொகுசு என்று போட்ட தோல், பந்தயக் கூட்டின் மேல் ஒட்டிய தோலாகவே தெரிகிறது. எனக்கு இவற்றில் பிடித்ததே அதுதான். சாலைக்கு வந்ததில் இவற்றுக்கு விருப்பமில்லை, விருப்பம் இருப்பதுபோல நடிக்கவும் இல்லை. ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-15ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1988இல் லெ மானை வென்ற எக்ஸ்ஜேஆர்-9இன் வழியில் டாம் வாக்கின்ஷா செய்த கார்பன் இழைக் கார். ஐம்பது சொச்சம் பிறந்தன. எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. 1991இல் அவற்றுக்கென்றே மொனாக்கோ, சில்வர்ஸ்டோன், ஸ்பா ஆகிய மூன்று இடங்களில் ஒரு பந்தயத் தொடரை நடத்திப் பத்து லட்சம் டாலர் பரிசு வைத்தார்கள். நல்ல கார்தான். ஆனால் விதிக்குப் பயந்து பிறந்த காரில் இருக்கும் முறைப்பு அதில் இல்லை.

இன்றைய நிலைக்கு வருகிறேன். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் என்ற காரைச் செய்தார்கள், 275 மட்டும். ஃபார்முலா 1இல் பட்டங்கள் வென்ற 1.6 லிட்டர் ஹைபிரிட் என்ஜினின் வழி வந்ததுதான் உள்ளே இருக்கிறது. 2017இல் அறிவித்தார்கள், 2022இல்தான் உற்பத்தி தொடங்கியது. பந்தயத்தில் அந்த என்ஜின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும். சிக்னலில் நிற்கும் காரில் அது 1,200 ஆக இறங்க வேண்டும், புகைச் சட்டத்தையும் தாண்ட வேண்டும். அந்த இறக்கத்துக்குப் போன ஆண்டுகள்தான் இவை. இங்கேயும் காரை வடிவமைத்தது ஒரு விதிதான். ஆனால் அது பந்தய விதி அல்ல, சாலையின் மாசுக் கட்டுப்பாட்டு விதி. இந்தக் காரைச் செய்ததால் மெர்சிடிஸுக்கு எந்தப் பந்தயத்திலும் நுழைவு கிடைக்கப்போவதில்லை.

ஃபெராரி இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. 2023இலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டு லெ மானை வென்ற 499பி காருக்குச் சாலை வடிவம் கிடையாது. இப்போதைய விதி அதைக் கேட்பதில்லை. அதை மாற்றியமைத்து 499பி மோடிஃபிகாட்டா என்று வாடிக்கையாளர்களுக்கு விற்கிறார்கள். அதைச் சாலையில் ஓட்ட முடியாது, பந்தயத்திலும் ஓட்ட முடியாது. ஃபெராரி ஏற்பாடு செய்யும் நாட்களில் தடத்தில் ஓட்டிவிட்டு வர வேண்டியதுதான். பதிவு எண் வாங்க அலபாமாவைத் தேடிப்போன பிரபுவின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆஸ்டன் மார்ட்டின் மட்டும் பழைய வரிசையில் போனது. வால்கிரி என்ற காரை ஃபார்முலா 1 மேதை ஏட்ரியன் நியூவி சாலைக்காக வரைந்தார். காஸ்வர்த் செய்த 6.5 லிட்டர் 12 சிலிண்டர் என்ஜின், டர்போ கிடையாது. மின்மோட்டாரும் சேர்ந்து 1,100 குதிரைத்திறனைத் தாண்டும். அதிலிருந்து ஒரு பந்தயக் காரைச் செய்து 2025இல் லெ மானுக்குக் கொண்டுவந்தார்கள். உச்சப் பிரிவில் சாலைக் காரின் வழி வந்தது அது ஒன்றுதான். இரண்டு கார்களும் 24 மணி நேரத்தையும் ஓடி முடித்தன. அந்தப் பிரிவின் விதி, 500 கிலோவாட்டுக்கு மேல் திறன் கூடாது என்கிறது, அதாவது சுமார் 680 குதிரைத்திறன். மின்மோட்டாரைக் கழற்றி, என்ஜினின் சுழற்சியையும் குறைத்து அந்த வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். தெருவில் பால் வாங்கப் போகும் வால்கிரி, லெ மானில் ஓடும் வால்கிரியைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் பலம் கொண்டது.

பொறியியல் மாணவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.